‘தேவை’க்கு இடமில்லை

ஜப்பானுடனான போரில் எங்கள் பெலெலியூ தீவில் அமெரிக்கப் படை இறங்கி ஐம்பது ஆண்டு நிறைவதைக் கொண்டாட இருந்த வாரம், இரண்டு அமெரிக்கக் கிழவர்கள் ஒரு வெண்கலப் பலகையைத் தூக்கிக்கொண்டு என் பெரியம்மா வீட்டுக்கு வந்தார்கள்.

முன்னால் வந்தவர் வார்ட்லா. அந்தப் போரில் கேப்டனாக இருந்தவர். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் லெம்கே. அதே படைப்பிரிவில் அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர்.

பெரியம்மா எபிலுக்கு அப்போது எழுபத்தொரு வயது. எங்கள் தீவில் நிலம் பெண்கள் வழியாக வருவது. பழைய விமான ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் எங்கள் குடும்ப நிலம் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அங்கே ஒரு நினைவுப் பலகை வைக்க அவள் சம்மதித்திருந்தாள். சிமென்ட் மேடையும் கட்டி முடித்தாகிவிட்டது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள் நான் என்பதால் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தப் படைப்பிரிவில் இறந்த நாற்பத்தொரு பேரின் பெயர்களைப் படித்தேன். பெரியம்மா வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். கடைசி வரி இது: ‘பிலிப்பைன்ஸ் படையெடுப்பைக் காக்க இந்தத் தீவைக் கைப்பற்றுவது தேவையாக இருந்தது.’

“இன்னொரு தடவ சொல்லு,” என்றாள். சொன்னேன்.

“பேரெல்லாம் இருக்கட்டும். அந்தக் கடைசி வரி என் நிலத்துல நிக்காது.”

நான் வார்ட்லாவைப் பார்த்து, யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறாள் என்றேன்.

“ஏண்டி ஃபெலிசா, நான் எப்ப டைம் கேட்டேன்?” என்றாள் பெரியம்மா. அவளுக்கு எவ்வளவு ஆங்கிலம் புரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “நான் சொன்னத சொல்லு. சர்க்கரை போட்டுக் குடுக்காத.”

உள்ளபடியே சொன்னேன். வார்ட்லாவின் கழுத்து சிவந்தது.

“அந்தம்மாவுக்குப் போர்க்கணக்கு தெரியாது. இங்க ஓடுபாதை எதிரி கையில இருந்தது. அத விட்டுட்டு மேல போயிருந்தா, பக்கத்துலேர்ந்து விமானம் வந்து எங்க கப்பலையெல்லாம் அடிச்சிருக்கும்.”

“எந்த விமானம், கேப்டன்?” என்றார் லெம்கே. “மார்ச்சு மாசமே நம்ம ஆளுங்க குண்டு போட்டு அத்தனையும் தரையிலயே எரிச்சிட்டாங்க. செப்டம்பர்ல நாம இறங்கினப்ப மேல ஒரு கொசு பறந்துதா?”

“லெம்கே, நீ ஸ்ட்ரெச்சர் தூக்கினவன். திட்டம் போட்டவன் இல்ல.”

“ஆமா, தூக்கினேன். அதனாலதான் எனக்குக் கனம் தெரியும். நாலு நாள்ல முடியும்னாங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த இறங்குற வேலையே வேணாம்னு ஒரு அட்மிரல் முன்னாடியே தந்தி அடிச்சாரு. கப்பல் கிளம்பிடுச்சு, இனிமே நிறுத்த முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. உலித்தி தீவ ஒரு சண்டை இல்லாம புடிச்சோமே, கப்பல் நிறுத்த அதுதானே உதவிச்சு? இது எதுக்கு உதவிச்சு?”

“அன்னைக்கு எங்களுக்கு அது தெரியாது!”

“அப்ப ‘தெரியாது’ன்னு எழுதுங்க. ‘தேவை’ன்னு ஏன் எழுதறீங்க?”

வார்ட்லா பலகையைத் துணியில் சுற்றினார். விழா நாளில் அது மேடை ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா அன்று காலை எட்டு மணிக்கே பெரியம்மா போய் அந்தச் சிமென்ட் மேடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வெற்றிலைக் கூடை, தலைக்கு மேல் குடை. விருந்தாளிகள் வந்தார்கள், வாத்தியக் குழு வந்தது. விழாவை நடத்தும் அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “உங்க பெரியம்மாவ எப்படியாவது எழுப்புங்க, மானம் போகுது,” என்றார்.

“நீங்களே கேட்டுப் பாருங்க,” என்றேன்.

அவர் கிட்டே போனார். “உக்காந்தது என் நிலத்துல. உனக்கு என்ன?” என்று ஒரே கேள்வியில் அவரைத் திருப்பி அனுப்பினாள்.

கடைசியில் வார்ட்லாவே வந்தார். வெயிலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். குரல் முன்போல இல்லை.

“அவங்ககிட்ட சொல்லும்மா. இந்த நாப்பத்தொரு பேரோட அம்மாக்களுக்கும் நான் என் கையால கடிதம் எழுதினேன். உங்க பையன் வீணா சாகல, இந்தத் தீவு தேவைப்பட்டுதுன்னு எழுதினேன். இப்ப அந்த வரிய எடுத்தா, நாப்பத்தொரு பேர்கிட்டயும் பொய் சொன்னவன் ஆயிடுவேன்.”

அதைத் தங்கையின் மகளாக அல்ல, ஒரு சொல்லும் குறையாமல் அவளிடம் சேர்க்க வேண்டியவளாகச் சொன்னேன். பெரியம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கடிதம் அவருக்கும் அந்த அம்மாக்களுக்கும் நடுவுல இருக்கட்டும். அதுல நான் கை வைக்கல. ஆனா எனக்கு அப்ப இருபத்தொரு வயசு. ஜப்பான்காரன் வந்து, ‘போர் வருது, போ’ன்னான். மூட்டைய கட்டிக்கிட்டு வடக்க இருக்குற தீவுக்குப் போய்ப் பட்டினி கிடந்தோம். திரும்பி வந்தா மரம் இல்ல, சேப்பங்கிழங்கு வயல் இல்ல, எங்க வீடு எங்க இருந்துதுன்னே தெரியல. ரெண்டு பக்கத்துக்காரனும் ‘தேவை’ன்னுதான் சொன்னான். இன்னும் ரெண்டு வாரத்துல அமெரிக்கா கைய விட்டு நாங்க தனி நாடு. இந்த வார்த்தைய இங்க நட்டு வச்சா, நாளைக்கு இன்னொருத்தன் படகுல வந்து அதையே காட்டி எங்கள மூட்டை கட்டச் சொல்லுவான். மாட்டேன்.”

நான் மொழிபெயர்த்து முடித்தபோது என் குரலும் அவளுடையதைப் போல உரத்திருந்தது. வாத்தியக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

லெம்கே கூட்டத்திலிருந்து விலகி வந்து மேடையில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஒரு பாக்கை நீட்டினாள். வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். துப்பவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பெயர்களைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டாவது பெயரில் நின்றுவிட்டார்.

“க்விம்பி,” என்றார் வார்ட்லா, காகிதம் பாராமல். “ஆர்லோ க்விம்பி.” அதற்குப் பிறகு மீதி இருபத்தொன்பது பெயர்களையும் அவரே சொன்னார். எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரியம்மா குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்று கேட்டாள்.

பலகை மேடை ஏறவில்லை. அந்த வரியை வெட்டி எடுக்க வார்ட்லாவும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாலையில் படகுத்துறைக்குப் போய் அவர்களை வழியனுப்பினோம். துணியில் சுற்றிய பலகையோடு படகில் ஏறுமுன் வார்ட்லா என்னிடம், “நான் மனச மாத்திக்கலன்னு அவங்ககிட்ட சொல்லு,” என்றார்.

சொன்னேன்.

“நானும் மாத்திக்கலன்னு சொல்லு,” என்றாள் பெரியம்மா. “ஆனா பேர மட்டும் எழுதிக்கிட்டு என்னைக்கு வந்தாலும் மேடை இருக்கும்னு சொல்லு.”

வார்ட்லா தொப்பியைக் கழற்றி, படகு மணல் திட்டைத் தாண்டி மறையும் வரை கையிலேயே வைத்திருந்தார்.