முந்தாநாள் வந்தவள்

முயலுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரமே, கட்டட வடிவமைப்பு படிக்கப் போகிறவர்கள் எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு தாளும் வந்து சேர்ந்தது. முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதால் வீட்டில் அவளுக்கு முயல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, கடை கடையாக ஏறி இறங்க முடியாது. அப்பா லாரியோடு போனவர், மாதக் கடைசியில்தான் திரும்புவார். ஆக, பொறுப்பு சித்தி தலையில் விழுந்தது.

சித்திக்கு அதில் சந்தோஷம்தான். கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், அக்கா மகளைத் தன் மகள் என்றே நினைத்து வளர்த்தவள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. வந்தவரின் பெயரை இரண்டு தடவை கேட்டு, குழாயில் ஒட்டிய சீட்டோடு ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் ஊசியைத் தொடுவாள். கடைக்குப் போனாலும் அதே குணம். ஒரு வாளி வாங்கக்கூட மூன்று கடை ஏறி, தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். அவள் உள்ளே நுழைந்தால் கடைக்காரனுக்குத்தான் வேர்க்கும் என்று அக்கா கேலி செய்வாள்.

மடிக்கணினி பற்றிப் பேச்சே இல்லை. தாளில் கேட்டிருந்த வலுவோடு மடியில் வைக்கிற மாதிரி வாங்கினால் இரண்டு பங்கு விலை. மேஜை மேல் வைக்கிற டெஸ்க்டாப், கையில் இருக்கிற காசுக்குள், நாலு வருஷம் மக்கர் பண்ணாமல் ஓட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சனிக்கிழமை காலை முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாள் ஒருவன் எதிரே வந்து, சித்தியைப் பார்த்ததும் சிரித்தான். மறுபடியும் அதே மாடலைப் பார்க்க வந்தீர்களா மேடம் என்று கேட்டான். சித்தி அந்தக் கடையில் அதுவரை கால் வைத்ததே இல்லை. ஆள் மாறிப்போச்சு தம்பி என்றாள். அவன் விடவில்லை. முந்தாநாள் சாயங்காலம் தனியாக வந்தீர்களே, தள்ளுபடியில் போட்டிருக்கிற இந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினேனே, ஆறாம் மாதம் இது மக்கர் பண்ணும், வாரண்டிக்கு அலைய விடுவீர்கள் என்று என்னிடம் சண்டை போட்டீர்களே என்றான். வாங்காத பொருளுக்குச் சண்டை போட்டவர் நீங்கள் ஒருவர்தான், அதனால்தான் முகம் ஞாபகம் இருக்கிறது என்றும் சொன்னான்.

வெளியே வந்ததும் இருவரும் சிரித்துக்கொண்டார்கள். முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் சித்தி பரிசோதனைக் கூடத்தில்தான் இருந்தாள். குடையை மறந்துவிட்டுப் போனாள் என்று முயல்தான் நாலரை மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உலகத்தில் ஒரே மாதிரி ஆட்கள் இருக்கத்தானே செய்வார்கள்.

இரண்டாவது கடை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, நாம் கேட்கிற பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தருபவர். அவர் சித்தியைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, இப்போது உடம்பு தேவலையா என்று விசாரித்தார். அப்புறம் பார்வை பெண்ணின் மேல் போயிற்று.

"இவதான் முயலா?" என்றார்.

முயல் சட்டென்று சித்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

போன தடவை வந்தபோது நான் என்ன சொன்னேன் என்று சித்தி, தனக்கே மறந்துவிட்ட மாதிரிப் பக்குவமாகக் கேட்டாள். அந்தப் பெண்மணி மேஜை மேல் பாதி பூட்டியிருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். இது இரண்டாம் வருஷம் படுத்துவிடும், பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளை வரைந்ததெல்லாம் போய் அழுதுகொண்டு நிற்பாள், வேண்டாம் என்று சொன்னீர்களே என்றார். கோபமாகச் சொல்லவில்லையாம். பழைய சங்கதி ஒன்றைச் சொல்கிற மாதிரி, அலுத்துப்போன குரலில் சொன்னாளாம்.

தெருவில் இறங்கிச் சித்தி யோசித்துக்கொண்டே நடந்தாள். வந்தவள் யாராக இருந்தாலும், ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவள் போல அல்லவா சொல்லியிருக்கிறாள்.

"சித்தி," என்றாள் முயல். "நீங்க எப்பவும் என்னைக் கூட்டிட்டுத்தானே போவீங்க. அவங்க ஏன் தனியா வந்தாங்க?"

சித்திக்கும் அதே கேள்விதான்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் கல்லூரி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. மூன்றாவது கடை, அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிற இடம். ஒல்லியான ஒரு மெக்கானிக் அதை நடத்தினார். காது மடலில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பார். உள்ளே போனதும் முயல் வேறு எதையும் பார்க்கவில்லை. ஜன்னலோரம் வைத்திருந்த ஒரு பெட்டியிடம் நேராகப் போனாள். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, தாளில் கேட்டதெல்லாம் இருக்கிறது, விலையும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. இதுதான் சித்தி, இதுதான் என்றாள்.

மெக்கானிக்கின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சித்தியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. உள்ள எடுத்து வைக்கணும்னுதான் இருந்தேன், மறந்துட்டேன்" என்றார். "நீங்க சொன்னபடியே புள்ள நேரா அதுகிட்டதான் போவுது."

அவர் சொன்னது இதுதான். முந்தாநாள் கடை மூடுகிற நேரத்துக்கு அவள் வந்திருக்கிறாள். வாய் நிறையப் பேசவில்லை. அந்த ஜன்னல் பெட்டியை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. எரிகிற அடுப்பிலிருந்து விலகி நிற்கிற மாதிரி இரண்டடி தள்ளி நின்றாளாம். இதில் என்ன குறை என்று இவர் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. இதை என் பொண்ணு கண்ணில் காட்டாதீங்க, நானே வந்து பேரம் பேசினாலும் கொடுக்காதீங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அப்புறம் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். ஏதோ காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த, மூலையெல்லாம் கீறல் விழுந்த கறுப்புப் பெட்டி ஒன்றைக் கடைசியில் காட்டியிருக்கிறாள்.

"அதைக் கொடுங்கன்னு சொன்னீங்க. இது ஒண்ணைத்தான் இன்னும் எடுத்துப் பார்க்கலன்னு சொன்னீங்க."

சித்தி அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைச் சோதிக்காமல், ஒரு கேள்வி கேட்காமல் வாங்கினாள். மெமரியை மட்டும் தாளில் உள்ளபடி கூட்டித் தரச் சொன்னாள். முயலுக்கு உதடு பிதுங்கியது. ஆனால் சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடம் பிடிக்காமல் இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கியாயிற்று, சரி. ஆனால் அந்த நீல விளக்கு இன்னும் ஜன்னலோரம் எரிந்துகொண்டுதானே இருக்கிறது? இன்னொரு பிள்ளை நேராக அதனிடம் போகாதா? பெயர் மாறிய குழாய் ஒன்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அனுப்பிவிட்ட குற்ற உணர்ச்சி அவளை அரித்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது. ஞாயிறு மதியம் ஒரு தச்சர் வந்து தன் மகனுக்கென்று வாங்கிப் போய்விட்டாராம். வீடு எங்கே, இப்போதே போக வேண்டும் என்றாள் சித்தி. மெக்கானிக் உடனே எழுந்தார். கடையைப் பூட்டிவிட்டு, சாமான் பையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

தச்சர் வீட்டில் இரண்டே அறை. மகனுக்காகத் தானே புது மேஜை செய்திருந்தார், தூசி படக்கூடாது என்று பெட்டிக்கு மூன்று பக்கமும் பலகை அடைத்து. அதை ஒட்டித்தான் பிள்ளைகளின் படுக்கை. மகன் கல்லூரிக்குப் போயிருந்தான், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் கை வைத்த சித்தி வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது.

மெக்கானிக் மின்சாரத்தை அணைத்து, பெட்டியைத் திறந்து, கரண்ட் கொடுக்கிற சின்ன டப்பாவைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே இருக்க வேண்டிய பாதிச் சாமான்கள் இல்லை. கனம் தெரிய வேண்டும் என்று ஒரு சிமென்ட் கட்டியை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒரே நாளில் கம்பிகளின் உறை பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. தான் அதை வெளி ஆளிடம் பூட்டியபடியே வாங்கியதாகவும், பிரித்துப் பார்க்காதது தன் தப்புதான் என்றும் மெக்கானிக் தச்சரிடம் ஒப்புக்கொண்டார். பையிலிருந்து நல்ல டப்பா ஒன்றை எடுத்துப் பூட்டினார். தச்சர் அப்போதே ஒரு பக்கத்துப் பலகையைப் பெயர்த்தார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று சித்தியிடம் கேட்டார்.

"ஒருத்தங்க சொன்னாங்க" என்றாள் சித்தி. அதற்கு மேல் அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு வந்தது தான் இல்லை என்று வழியிலேயே சித்தி சொல்லிவிட்டாள். கடைக்குத் திரும்பியதும் மெக்கானிக் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். கூரை மூலையில் கேமரா இருக்கிறது, அன்றைக்குப் பதிவானது இன்னும் அழியவில்லை, பார்க்கிறீர்களா என்றார். சித்தி அந்தக் கேமராவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் என்ன உடுத்தியிருந்தாள், தலை எவ்வளவு நரைத்திருந்தது, முகத்தில் என்ன இருந்தது என்றெல்லாம் தெரிந்துபோகும். அவள் ஏன் தனியாக வந்தாள் என்பதும் அந்த முகத்திலேயே எழுதியிருக்கும்.

"வேண்டாம், அழிச்சுடுங்க" என்றாள்.

முயல் கல்லூரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாள். கறுப்புப் பெட்டியும் கூடவே போனது. ஞாயிறுதோறும் அழைப்பாள். பேச்சுக்குப் பின்னால் அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தம் சீராகக் கேட்கும். சித்தி பேச்சைப் பாதியும் அந்தச் சத்தத்தைப் பாதியுமாகக் கேட்பாள். அழைப்பு பத்து நிமிஷம் தாமதமானால் அவளே அழைத்துவிடுவாள். இன்னும் எடுத்துப் பார்க்கல என்றுதானே வந்தவள் சொல்லியிருக்கிறாள், நல்லது என்று சொல்லவில்லையே. ஆறாம் மாதம் தாண்டியது, இரண்டாம் வருஷப் பரீட்சை தாண்டியது. பெட்டி ஒரு நாளும் படுக்கவில்லை. நாலாம் வருஷம் முயல் பட்டம் வாங்கி, வேலையும் கிடைத்து, பல் தெரியச் சிரித்தபடி புகைப்படம் அனுப்பினாள்.

மறுநாள் மதியம் சித்தி அந்தக் கடைக்குப் போனாள். மெக்கானிக் காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். புகைப்படத்தைப் பார்த்து ரொம்ப சந்தோஷம் என்றார். அன்றைக்கு வந்தவள் அப்புறம் எப்போதாவது வந்தாளா என்று சித்தி கேட்டாள். வரவே இல்லை.

சித்தி கிளம்பினாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அன்னைக்கு அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்கன்னு சொன்னீங்களே. தண்ணியாவது கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்க்கா, ஒரு பாட்டில். குடிக்கல. நடக்கிற வழிக்கு ஆகும்னு பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க."