சாவுக்கு வேய்ந்த கூரை

த்வும் மாமாவின் கட்டிலுக்கு நேர் மேலே கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. மூன்று மழைக்காலமாக அவர் சுவரோரம் சுருண்டுதான் படுத்தார். குமாசி நகரத்துச் சொந்தங்களுக்குச் சொல்லியனுப்பும்போதெல்லாம், "இப்பக் கை கொஞ்சம் இறுக்கம் மாமா" என்று பதில் வரும். நாங்கள் பாசமான குடும்பம். பதில் சொல்லத் தவறியதே இல்லை.

ஜூன் மாதம் மாமாவுக்கு மார்ச்சளி கட்டியது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றார் நர்ஸ்.

மறுநாளே குடும்பம் லாரியில் வந்து இறங்கியது. சாவுக்கு ஊரே திரண்டு வரும். ஒழுகும் வீட்டையா காட்டுவது? என் பெரியம்மா மகன் போவாடு தலைமையில் புதுத் தகரம் ஏறியது. துக்கத்துக்கு வருபவர்கள் வசதியாக உட்காரக் கழிப்பறை எழும்பியது. எழுபத்தொன்பது வயது மாமா அதுவரை கம்பூன்றிப் புதருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பிணத்தைக் கிடத்தப் பித்தளைக் கட்டிலும் புது மெத்தையும் வந்தன. அறையில் வேறு இடமில்லாததால் மாமாவை அதிலேயே படுக்கவைத்தார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. நனையாத மெத்தையில் மாமா நான்கு நாள் தூங்கினார். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து ஃபுஃபுக் களியும் சூப்பும் கேட்டார்.

குடும்பம் இடிந்துபோனது.

"நல்லாப் பாருங்க மாமா, நெசமாவே சரியாயிடுச்சா?" என்றான் போவாடு.

"சூப்புல கறிதான் கம்மி. மத்தபடி சுகம்டா."

"பந்தல்காரன்கிட்ட சனிக்கிழமைன்னு சொல்லிட்டோமே!"

"வரட்டுமே. நானும் வேடிக்கை பாக்கறேன்."

போவாடு வெளியே வந்து ஏணியைச் சுவரில் சாய்த்தான். "தகரத்தக் கழட்டுங்கடா. நெசமா போறப்ப மறுபடி போட்டுக்கலாம். இப்படியே விட்டா மழையில கெடந்து வீணா துருப்பிடிக்கும்."

முதல் ஆணி கிரீச்சிட்டதும் உள்ளே மாமா இருமத் தொடங்கினார். அப்படியொரு இருமலை நான் கேட்டதே இல்லை. எல்லோரும் ஓடினோம்.

"போவாடு..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வாசச் சுவருக்கு... இன்னும் பெயிண்ட் அடிக்கலையேடா. வர்றவங்க உன்னையில்ல சிரிப்பாங்க?"

போவாடு கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிடுங்கிய ஆணி திரும்ப இறங்கியது. அதே ஏணியில் ஏறி ஒருவன் பெயிண்ட் அடித்தான்.

அது நடந்து ஏழு மாதமாகிறது. அடுத்த இருமலுக்குச் சமையலறை ஜன்னல் வந்தது. அதற்கடுத்ததற்குத் தண்ணீர்க் குழாய். நேற்று மாமா என்னைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டார்:

"ஏன்டா, ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு நேரம் இருமணும்?"