கழுவி வைத்த பேரிங்

பொழுது விடியுமுன்பே வேலம்மாவின் கைகள் கிருஷ்ணாயில் தொட்டிக்குள் இருந்தன. ஐப்பசி ஈரத்தில் எண்ணெய் சில்லிட்டு எலும்புவரை ஏறியது. பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, இன்ஜின் சாமான்களைக் கழற்றிய வரிசை மாறாமல் காய்ந்த சாக்கின்மேல் அடுக்கினாள். பதினோரு வருஷமாக இதே வேலை. விரலிடுக்கில் தோல் வெடித்துப்போய், சோற்றில் கைவைத்தால் எரியும். மாம்பலம் ரயில் பாதையை ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகைக்குள் மற்றவர்கள் வருவதற்குள் இரண்டு இன்ஜின்களைக் கழுவி முடித்தாக வேண்டும்.

எட்டு மணிக்கு ஒரு டீசல் வேனைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார்கள். உஸ்மான் ரோடு துணிக்கடை வெள்ளைச்சாமியின் வேன். முழு இன்ஜின் வேலையும் முடித்து இங்கிருந்து போய்ப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. வேலை பார்த்தவன் இனாயத்.

டிரைவர் கனகராஜ் வலது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

"இன்னா பாய், இன்ஜின் வேலை பண்ணியா, இல்ல எனுக்குப் பாடை கட்னியா? நேத்து நந்தனத்துல போய்க்கினு இருக்கறப்ப உள்ளாற வெடிச்சி, கொதிக்கிற ஆயில் அப்படியே கால்ல ஊத்திகிச்சி."

இனாயத் ஸ்பானரை எடுத்துக்கொண்டான். சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தான். ஆயில் தொட்டியைக் கழற்றியதும் இரும்புத்தூள் மினுங்கும் கறுப்பு எண்ணெய் கொட்டியது. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் நொறுங்கிக் கிடந்தது. மிச்சம் மூன்றையும் கழற்றித் துடைத்துப் பலகைமேல் வைத்தான்.

பின்னாலேயே டாக்சியில் வந்து இறங்கியிருந்த வெள்ளைச்சாமி ஒன்றை எடுத்துத் திருப்பினார். முதுகில் '1' என்று கீறல். அடுத்ததில் '2'. இன்னொன்றில் '4'.

இன்ஜினைப் பிரிக்கும்போது எந்த பேரிங் எந்தச் சிலிண்டருக்கு என்று மறக்காமலிருக்க முதுகில் எண் கீறுவது மெக்கானிக்குகளின் பழக்கம். புது பேரிங்கில் எவனும் கீற மாட்டான். வண்டி வைத்திருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

"ராஜரத்தினம், புது பேரிங்னு பில்லுல போட்டிருக்கீரு. இது பழசுல்லா?"

ஒர்க்‌ஷாப் முதலாளி ராஜரத்தினம் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"புதுசுதான் அண்ணாச்சி வாங்கிக் குடுத்தேன். இவன் அதை வெளியில வித்துட்டுப் பழசை மாட்டியிருக்கான். இனாயத், இன்னியோட நின்னுக்கோ. இல்லேன்னா ஸ்டேஷனுக்குப் போலாம் வா."

இனாயத்தின் கையிலிருந்த ஸ்பானர் கீழே இறங்கியது. வேலை போவது ஒன்று. திருடன் என்ற பேரோடு போனால் இந்தப் பட்டணத்தில் எந்தக் கொட்டகையில் அவனைச் சேர்ப்பார்கள்?

"பழசையே போடுன்னு சொன்னது நீங்க, மொதலாளி."

"யார் கேட்டா? கருணாகரா, நீ கேட்டியா?"

கருணாகரன் பெரிய மேஸ்திரி. கொட்டகைக்குப் பின்னால், முதலாளி கொடுத்த ஒற்றை அறையில் அவன் பெண்டாட்டியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். குனிந்த தலை நிமிராமல் சொன்னான்:

"நான் பம்ப் வேலையில இருந்தேன் மொதலாளி."

"நான் கேட்டேன்" என்றாள் வேலம்மா.

எண்ணெய் சொட்டும் கையோடு எழுந்து வந்தாள்.

"புது பேரிங்னா எண்ணெய்த் தாள் சுத்தி வரும். என் தொட்டிக்கு வராது. இது வந்திச்சி. நீங்கதான் பக்கத்துல நின்னுகினு, நல்லா தேய், புதுசு மாரி ஆயிடும்னு சொன்னீங்க."

"சாமான் கழுவறவளுக்கு பேரிங்கைப் பத்தி என்னடி தெரியும்?"

"உங்க பழசு அத்தினியும் என் கைவழியாத்தானே போவுது. எந்தெந்த வண்டிக்குப் போச்சின்னு அண்ணாச்சி எதிர்லயே சொல்லட்டா?"

ராஜரத்தினத்தின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் வெள்ளைச்சாமி கையை உதறினார்.

"உங்க வீட்டுச் சண்டை எனக்கெதுக்கு? தீபாவளிச் சரக்கு பூரா குடோன்ல கெடக்கு. நாளைக்குச் சாயங்காலம் வண்டி ஓடணும். அவனை நீரு என்னமும் செஞ்சுக்கிடும்."

"முடிச்சுடலாம் அண்ணாச்சி. காபி சாப்பிடுங்க."

இரண்டு முதலாளிகளுக்கும் இரண்டு நிமிஷத்தில் ஒத்துப்போய்விட்டது.

"அப்போ என் காலு?" என்றான் கனகராஜ்.

வெள்ளைச்சாமி டம்ளரிலிருந்து வாயை எடுக்காமல் சொன்னார்: "ஆயில் மீட்டரைப் பாக்காம ஓட்டிருப்பே. கால் ஆறுத வரைக்கும் வேற ஆளு ஓட்டட்டும்."

"ஆறினதுக்கப்புறம்?"

"அப்பம் பாப்போம்."

இனாயத் கையைத் துடைத்துக்கொண்டு கனகராஜ் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, சொன்னது அவரு. ஆனா மாட்டி மூடினது என் கை. வேலை போயிடும்னு பயந்து வாயத் தொறக்கல. உங்க கால் வெந்ததுல எனுக்கும் பங்கு கீது."

கனகராஜ் நொண்டியபடி ஓர் அடி முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா உன்னைத் தள்ளிட்டு வேற ஒர்த்தன வெச்சி மூடியிருப்பான். என் காலு அப்பவும் வெந்துதான் இருக்கும்."

"அந்த வேற ஒர்த்தனும் முடியாதுன்னா?" என்று கேட்டாள் வேலம்மா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு தொட்டி விளிம்பில் கிடந்த பிரஷ்ஷை எடுத்து முதலாளியின் மேஜைமேல் வைத்தாள். "இந்தப் பையன் மேல கட்டின திருட்டுப்பட்டத்த எடுக்கறவரிக்கும் நான் ஒரு சாமானும் கழுவல."

"தாராளமாப் போ. புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பினா பத்துப் பேர் வருவான்."

வருவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

மூன்று பேரும் வெளியே வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தார்கள். தூறல் விழுந்தது. கனகராஜின் கட்டு நனையாமலிருக்க இனாயத் ஒரு தகரத் துண்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். உள்ளே கருணாகரனின் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை.

"வூட்ல இன்னான்னு சொல்லுவே?" என்று கேட்டான் கனகராஜ்.

"என் பொஞ்சாதி ஜைதூன்கிட்டயா? திருடலன்னு சொல்லுவேன். அது நம்பும். வாடகைக்கு வுட்ட வூட்டுக்காரன் நம்பணுமே."

"யூனியன் ஆபீசு கீதே, போயிப் பாக்கலாமா?" என்றான் கனகராஜ்.

"நாளிக்குக் காலைல போலாம். இப்போ நாம எந்திரிச்சிப் போனா, வர்றவனுக்கு யாரு சொல்றது?" என்றாள் வேலம்மா.

மத்தியானம் புதுப்பேட்டையிலிருந்து முதல் ஆள் வந்தான். வேலம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காதில் வாங்காததுபோல உள்ளே போனான். இரண்டாமவன் நின்று கேட்டான். "வூட்ல நாலு வாய் கீதும்மா" என்று தரையைப் பார்த்தபடி அவனும் போனான். கொட்டகைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் ராஜரத்தினம் சிரிப்பது கேட்டது.

"இன்னாக்கா, போதுமா?" என்றான் இனாயத்.

அவள் தெருக்கோடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு மூன்றாவது ஆள் சைக்கிளில் வந்தான். ஹேண்டில்பாரில் ஸ்பானர் பை தொங்கியது. வேலம்மா எழுந்து எதிரே போனாள். பழைய பேரிங்கை, வெந்த காலை, திருட்டுப் பட்டத்தை, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

அவன் கனகராஜின் காலைப் பார்த்தான். இனாயத்தின் முகத்தைப் பார்த்தான். "சீக்கிரம் வாய்யா" என்று உள்ளேயிருந்து ராஜரத்தினத்தின் குரல் வந்தது.

அவன் உள்ளே போகவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. தூறலில் நின்றபடியே, அவர்கள் மூவருக்கும் பக்கத்தில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான்.