முக்கால் வட்டம்

1.

இந்தக் கதை எங்கள் ஆலைச் சுவரில் தொங்கும் ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. பிறை என்கிற ஊரில் இருக்கிற பிளாஸ்டிக் வார்ப்பு ஆலை. தொடக்கத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

"அன்று காலை இயந்திரங்கள் எல்லாம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக" — இல்லை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆள்குறைப்பில் நிற்பது ஆட்கள்தான்.

"சுஹைமியின் நெஞ்சு படபட" — இதுவும் வேண்டாம். நான் பார்த்தது இவ்வளவுதான்: கேண்டீனில் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், வாங்கினான், சீனி வேண்டாம் என்று சொல்ல மறந்தான், முழுக் கோப்பையையும் குடித்தான். அவனுக்கு இனிப்பு நீர் வியாதி.

இதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2.

சுஹைமி பத்தொன்பது வருடமாக இங்கே மெஷின்களில் வார்ப்பு அச்சு மாற்றுகிறவன். பிரிவில் நாற்பத்திரண்டு பேர். பன்னிரண்டு பேர் போக வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அவன் நேராக மேற்பார்வையாளர் தியோவிடம் போனான்.

"பாஸ், கடைசியா வந்தவன்தானே மொதல்ல போகணும்?"

"அது புள்ளி சமமா வந்தா பாக்குறது. மொதல்ல புள்ளி. வருகை, எச்சரிக்கைக் கடிதம், வேலைத் திறமை. மூணையும் கூட்டி, கீழ இருக்கிற பன்னெண்டு பேரு."

"திறமைய எத வச்சி அளக்குறீங்க?"

தியோ தாடையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

3.

(இங்கே கொஞ்சம் விளக்கம். ஆலையில் வேலை செய்தவர்கள் தாண்டிப் போகலாம்.)

அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக, மெஷினுக்கு ஒரு வட்டம். கால் வட்டம் கறுத்திருந்தால் வேலையைப் பார்த்திருக்கிறான். அரை என்றால் பக்கத்தில் ஆள் நின்றால் செய்வான். முக்கால், தனியாகச் செய்வான். முழுசும் கறுத்திருந்தால் பிறருக்குக் கற்றுக்கொடுப்பான்.

முழு வட்டக்காரன் தலையில்தான் புது ஆட்களைக் கட்டுவார்கள். சொல்லிக்கொடுக்கிற வாரம் அவன் மெஷினில் எண்ணிக்கை விழும். திட்டும் அவனுக்கே விழும். அதனால் எங்கள் பிரிவில் கெட்டிக்காரர்கள் தியோவைக் கெஞ்சி முக்காலோடு நின்றுகொள்வது வழக்கம்.

"பாஸ், ஆளு வந்தா சொல்லித் தர்றேன். வட்டத்த மட்டும் ரொப்பாதீங்க," என்று சுஹைமியும் கேட்டு வாங்கியிருந்தான். ஐந்து மெஷினுக்கும் முக்கால். அந்த முக்காலை வைத்துக்கொண்டே பதினான்கு பேருக்கு அச்சு மாற்றக் கற்றுக்கொடுத்தான்.

4.

எச்.ஆர். அறையில் இருந்த பெண் அவன் தாளை மட்டும் எடுத்துக் காட்டினாள்.

"அறுபத்தொண்ணு, அங்கிள். கிளினிக் லீவு நெறய. வருகையில கொறஞ்சி போச்சி. அறுபத்திரெண்டு எடுத்தவங்க தப்பிச்சாங்க."

"அஞ்சு மெஷினும் கண்ண மூடிக்கிட்டுச் செய்வேம்மா."

"கண்ணத் தொறந்து பாருங்க, முக்கால்னுதான் இருக்கு."

"நான் கத்துக்குடுத்த ஆளு வந்து சொன்னா?"

அவள் யோசித்தாள். "எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க, புள்ளிய ஏத்தலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள. ஆனா இப்ப இங்க வேலையில இருக்கிற ஆளா இருக்கணும்."

பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஆள்குறைப்பு என்றால் முதலில் வெளிநாட்டுக்காரர்கள். போன மாதமே விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மிச்சம் ஒருத்தி. அவள் பெயர் நோராய்னி. அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டே

5.

(மேலே இருக்கிற வாக்கியத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். நோராய்னி நகர மாட்டேன் என்கிறாள். பேசவைத்தால் கடை பொம்மை மாதிரி இருக்கிறது.)

சரி. நோராய்னி என்று யாரும் இல்லை. அது நான். பவுனம்மா, மூன்றாவது மெஷின்.

(இதுவரை சுஹைமியை 'அவன்' என்று எழுதினேன், கதை என்றால் அப்படித்தான் என்று நினைத்து. நேரில் எனக்கு அவர் 'பாங்', அண்ணன் முறை. இனிமேல் அவர்.)

புதன்கிழமை தியோ என் மெஷினைப் பார்ப்பதுபோல் வந்து குனிந்தார்.

"பவுனு, வெளிய சொல்லாத. கீழருந்து எண்ணினா பன்னெண்டாவது சுஹைமி. பதிமூணாவது நீ."

"அப்படின்னா?"

"அவன் ஏறினா நீ எறங்குவ. நான் ஒண்ணும் சொல்லல."

எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் வேறு ஆலை வாசலில் என் மனுவைக்கூட வாங்கமாட்டார்கள். பாங்குக்கு ஐம்பத்தொன்று. அவருடையதையும் வாங்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை அவர் தாளோடு வந்தார். நான் பதின்மூன்றாவது என்று அவருக்குத் தெரியாது.

"ரெண்டே வரி, பவுனு. கீழ நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"படிச்சிட்டுத் தர்றேன், பாங்."

"படி, படி. நீதான் இப்ப நோட்டும் கையுமா பெரிய எழுத்தாளராச்சே. தப்பு இருந்தா எனக்கு மார்க்கு கொறச்சிராத!"

சிரித்தார். நானும் சிரித்தேன். தாளில் இருந்தது: 'எனக்கு அச்சு மாற்றக் கற்றுக்கொடுத்தவர் சுஹைமி.' பொய் ஒரு சொல்கூட இல்லை.

6.

முடிவுகள்.

அ. பவுனம்மா கையெழுத்துப் போடுகிறாள். விஷயம் தெரிந்து சுஹைமி ஓடிவந்து தாளைக் கிழிக்கிறார். இருவரும் அழுகிறார்கள். — சினிமா. அடித்துவிட்டேன்.

ஆ. ஜப்பானிலிருந்து பெரிய ஆர்டர் வருகிறது. யாரும் போக வேண்டாம். — இப்படி முடிக்க எனக்கு மேலிடத்தில் ஆள் இல்லை.

இ. தாள் எண்ணெயில் விழுந்துவிட்டது என்கிறாள். அவர் நம்புகிறார். — இது நடக்கக்கூடியது. எழுதக் கை கூசுகிறது.

7.

இன்று வெள்ளி. மணி மூன்றே கால். தொழுகை முடிந்து வந்து பாங் நான்காவது மெஷினில் நிற்கிறார். காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்படவாவது வழி இருந்திருக்கும்.

ஓய்வு நேரத்தில் அட்டைப்பெட்டி மேல் நோட்டை வைத்து இதை எழுதுகிறேன். இன்னும் இரண்டு பக்கம் இழுத்தால் நாலு மணி தானாகத் தாண்டிவிடும். நான் எதையும் முடிவு செய்ததாக ஆகாது. 'எழுதிக்கொண்டிருந்தேன், நேரம் போனதே தெரியவில்லை' என்று சொல்லிவிடலாம். இவ்வளவு அடைப்புக்குறிகளையும் அதற்காகத்தான் போட்டேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

ஆகவே நிறுத்துகிறேன். எழுந்து நடைபாதை முனைக்குப் போனால் எச்.ஆர். அறை வலது பக்கம், பஸ் நிற்கும் வாசல் இடது பக்கம். மூன்றரை. பவுனம்மாவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நீங்கள் நடத்திக்கொண்டு போகலாம். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் நான்காவது மெஷினைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் நிமிர்ந்து பார்ப்பார்.