நூறு மில்லி ஞாயிறு

கைப்பிடியில் கட்டித் தொங்கும் சின்ன பாட்டிலுக்குள் பெட்ரோல் தளும்பிக்கொண்டே வருகிறது, பின்னால் உட்கார்ந்திருக்கும் தஸ்நேவிஸ் என் தோளுக்கு மேலாக எட்டி எட்டி அதைப் பார்க்கிறான், ஏல, மெதுவாப் போ, நாப்பதத் தாண்டாத, என்கிறான், இரண்டு பக்கமும் உப்பளம், தூத்துக்குடியை விட்டுத் தெற்கே போகும் நேரான சாலை, ஞாயிற்றுக்கிழமைக் காலை, இது ஆறாவது ஞாயிறா ஏழாவதா, தூக்கத்திலும் இதே சாலையில் இதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால் எனக்கு எண்ணிக்கை குழம்பிவிட்டது, டேங்க்கை மூடிவிட்டு இந்த நூறு மில்லியில் மட்டும் வண்டி ஓட வேண்டும், எங்கே நிற்கிறதோ அங்கே மீட்டரைப் பார்த்துப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும், பாட்டிலிலிருந்து இறங்கும் குழாய் மருந்துக்கடையில் வாங்கியது, குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய், மெக்கானிக்குகள் அதைத்தான் மாட்டுகிறார்கள் என்று முதல் நாள் நான் யோசிக்காமல் நீட்டிவிட்டேன், தஸ்நேவிஸ் அதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான், அவன் மனைவி சலேத்தின் கையில் பதினெட்டு நாள் ஏறியதும் இதே மாதிரிக் குழாய்தான், அந்த ஆஸ்பத்திரி அறையில் நாங்கள் இருவரும் சொட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பத்தொன்பதாவது நாள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவன் வாசல் தாண்டவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, தன் வண்டியை விற்றுவிட்டான், சாயங்காலம் நான் போனால் சத்தம் குறைத்த டிவிக்கு முன்னால் படுத்திருப்பான், சாப்பிட்டியா என்றால் ம், தூங்கினியா என்றால் ம், இப்படியே விட்டால் இவனும் போய்விடுவான், ஆறாவது வகுப்பிலிருந்து கூட இருக்கிறவன், இவனும் போனால் என்னை ஏல என்று கூப்பிட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போனபோது பேச ஒன்றும் கிடைக்காமல், என் வண்டி லிட்டருக்கு முப்பத்தஞ்சுதான் குடுக்குல, இருவத்திரண்டு வருச வண்டி, வித்துறலாம்னு பாக்கேன், என்று சும்மா சொல்லிவைத்தேன், தலையைத் தூக்கினான், முப்பத்தஞ்சா, எப்படிப் பாத்த, டேங்க்க நெரப்பிப் பாத்தியா, அதெல்லாம் ஒரு அளவால, என்று எழுந்தே விட்டான், கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன், யார் ஏசினாலும் பொறுப்பான், தப்பான அளவை மட்டும் பொறுக்கமாட்டான், அலமாரியிலிருந்து அளவுஜாடியை எடுத்துத் துடைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தான், எதிர்வீட்டுக்காரம்மா கோலமாவோடு அப்படியே நின்று பார்த்தாள்.

அந்த முதல் ஞாயிறு கோளாறு நிஜமாகவே இருந்தது, ஏர் ஃபில்டர் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது, கழுவிக் காயவைத்து மாட்டினோம், நாற்பத்தெட்டு வந்தது, அவ்வளவுதாம்ல, சரியாப் போச்சு, என்று கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவன் திங்கட்கிழமை மறுபடியும் டிவிக்கு முன்னால் படுத்துவிட்டான், அப்போதுதான் எனக்குப் புத்தி இப்படிப் போனது, அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பின் பிரேக் நட்டை நானே இரண்டு சுற்று இறுக்கிவிட்டேன், மறுநாள் அவன் பிரேக் டிரம்மைத் தொட்டுக் கையை உதறினான், கொதிக்குல, எந்தப் பய இத இறுக்குனது, என்றான், எவனோ மெக்கானிக் என்றேன், பிறகு ஒரு சனிக்கிழமை டயரில் காற்றை இறக்கினேன், இன்னொரு சனிக்கிழமை அழுக்கு ஃபில்டர், அதற்கும் அடுத்து கார்புரேட்டரின் காற்றுத் திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டேன், இருபத்திரண்டு வருஷம் குழந்தை மாதிரி வைத்திருந்த வண்டியை வாராவாரம் நானே நோகடித்தேன், அவன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான், இட்லி ரெண்டு கூடக் கேட்டு வாங்கித் தின்றான், அந்தத் திருகைச் சரிசெய்த அன்றைக்கு எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே, சலேத்து இருந்தா திருகத் தொடாமலே சொல்லிருவா, பின்னால உக்காந்துக்கிட்டு, ஏங்க ஒங்க வண்டிக்குச் சளி புடிச்சிருக்குன்னுவா, என்று சிரித்தான், ஆறேழு மாதத்தில் அவள் பெயர் அவன் வாயில் வந்தது அன்றுதான், நான் வண்டி மறைவில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வீட்டுக்கு வந்ததும் வெட்கமாக இருந்தது, இப்படிப்பட்டவனைப் போய் ஏமாற்றுகிறோமே, நேற்று சனிக்கிழமை உட்கார்ந்து பிரேக், காற்று, ஃபில்டர், சங்கிலி எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தேன், எதையும் கெடுக்கவில்லை, ஐம்பத்தைந்து வரட்டும், ஞாயிறுகள் முடிவதானால் முடியட்டும், அவன் மறுபடி படுத்துவிட்டால் நானும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துத்தான் இன்றைக்குக் கிளம்பினேன்.

இப்போது எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது, பாட்டில் காலி, இவ்வளவு சீக்கிரமா, ஐந்தாவது கிலோமீட்டரில் இருக்கிற பாலம்கூட இன்னும் வரவில்லை, அவன் இறங்கி மீட்டருக்கு முன்னால் குனிந்து, மூணு புள்ளி எட்டு, லிட்டருக்கு முப்பத்தெட்டு, என்று படிக்கிறான், இருக்காதே என்று வாய்வரை வந்ததை விழுங்குகிறேன், காலையில் அவன் பெட்ரோல் அளந்தபோது ஜாடியில் எழுபதில் நின்றதை நான் பார்த்தேன், நூறு என்று அவன் சொன்னதையும் கேட்டேன், பாவம் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன், ஒரு சொட்டு கூடினால் ஆய்வகத்தில் பிள்ளைகளைத் திரும்ப ஊற்றவைத்தவன், முப்பது மில்லியையா தவறவிடுவான், அவன் என் முகத்தைப் பார்க்காமல் உப்புக்குவியல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், இன்னும் கோளாறு இருக்குல, கார்புரேட்டரக் கழட்டித்தான் பாக்கணும், வர்ற ஞாயித்துக்கெழம வச்சிக்கிடுவோம், என்கிறான், எனக்கு வருவது அழுகையா சிரிப்பா தெரியவில்லை, ஆமால, எனக்கும் கார்புரேட்டர் மேலதான் சந்தேகம், என்கிறேன், டேங்க் குழாயை மாட்டிக்கொடுத்துவிட்டு அவன் பின்னால் ஏறி உட்காருகிறான், வண்டி நகர்ந்ததும் என் தோளில் கையை வைத்து, ஏல, இனிமே சனிக்கெழம நீ ஒண்ணையும் கெடுக்காண்டாம், வண்டி பாவம், அத நான் பாத்துக்கிடுதேன், என்கிறான்.