மிஸ்ரியாவின் வெள்ளி

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மிஸ்ரியாவும் வேல்விழியும் ஒரே மேசையில்தான் ஆராய்ச்சி செய்தார்கள். ‘சிப்’ எனும் சின்னக் கண்ணாடித் துண்டில் தலைமுடி அளவுக்கு வாய்க்கால் வெட்டி, அதன் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைப் படிய வைப்பார்கள். ஒரு சொட்டுப் பாலை ஓடவிட்டு லேசர் ஒளி அடித்தால் போதும். அதில் இம்மியளவு ஆன்டிபயாடிக் இருந்தாலும் திரையில் கோடு எழும்பும். வெள்ளியைப் படிய வைக்கும் பக்குவம் மிஸ்ரியா கண்டது. வாய்க்கால், பின்னால் வந்து சேர்ந்த வேல்விழியுடையது. ஆனால் பேராசிரியர் வல்லிநாயகம் எல்லோரிடமும் “வேல்விழியோட சிப்” என்றே சொன்னார். கேட்கும்போதெல்லாம் மிஸ்ரியாவுக்கு வயிறு எரிந்தது.

இலத்தூரில் ஊரார் பால் கொண்டுவந்து ஊற்றும் நிலையத்தில் அதைச் செய்துகாட்டப் போனார்கள். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட தன் மாட்டின் பாலை மூக்கம்மாள் என்ற கிழவி கொண்டுவந்திருந்தாள். வேல்விழி சொட்டு விட்டாள். கோடு அசையவில்லை. மறுபடி விட்டாள். ம்ஹூம். திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

மிஸ்ரியாவுக்குப் பார்த்ததுமே புரிந்தது. காற்றுப் பட்டுச் சிப்பில் வெள்ளி கறுத்திருந்தது. அவள் பையில் புதிதாகச் செய்த சிப் ஒன்று இருந்தது. எடுக்கவில்லை. நல்லா முழிக்கட்டும் என்று நின்றாள். உள்ளுக்குள் இனித்தது.

“அப்ப மருந்து இல்லேங்குதா? ஊத்திருதேன்” என்று மூக்கம்மாள் தூக்குவாளியைப் பெரிய கேனுக்கு மேல் சரித்தாள்.

ஊரே குடிக்கிற பால்.

“ஊத்தாதீங்க ஆச்சி!” என்று கத்திவிட்டாள் மிஸ்ரியா. தன் சிப்பை எடுத்து வேல்விழியிடம் நீட்டினாள். அவள் அதில் சொட்டு விட்டாள். இந்த முறை கோடு விறுவிறுவென்று எழும்பியது. எல்லோரும் வேல்விழிக்குக் கை தட்டினார்கள். அவளும் சிரித்தபடி கும்பிட்டாள்.

பேராசிரியர் சந்தோஷத்தில் எல்லோரையும் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது மிஸ்ரியாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, அது எஞ் சிப்புன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?”

“வாய் வரலட்டி” என்றாள் வேல்விழி. “நானும் எத்தன தடவ வெள்ளி படிய வச்சுப் பாத்தேன். ஒன்னுது மாதிரி வரவே மாட்டேங்குது. ஒன்னப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

மிஸ்ரியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறதே!

“வெள்ளி கறுத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா நின்னேன்.”

“ஒன் பையில வேற சிப் இருக்குன்னு எனக்கும் தெரியும். ஒன்ட்ட கேக்க மனசு வரல.”

திரும்பும் வழியில் வேல்விழியே பேராசிரியரிடம், கோடு எழும்பியது மிஸ்ரியாவின் சிப்பில்தான் என்று உள்ளதைச் சொன்னாள். அதன்பிறகு அவர் இருவர் பெயரையும் சேர்த்தே சொன்னார். யார் பெயரை முதலில் சொல்கிறார் என்று இருவருமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.