இருபத்தேழாவது படம்

கண்ணாடிக்காரருக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து தன்னை ஏய்க்கிறார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அதற்காக இரண்டு பலகைகள் வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மாட்டுவார். கண் சரியாகத் தெரிகிறது என்று பொய் சொல்லி ஒருவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

இந்த மனிதர் நம்பிய ஒரே பொருள் விமானம். சனிக்கிழமைதோறும் நீளமான லென்ஸ் மாட்டிய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதைக்குப் பின்னால் இருக்கும் ஒரு வயலுக்குப் போய்விடுவார். அவரைப் போல இன்னும் ஆறேழு பேர் அங்கே வருவார்கள். இறங்கும் விமானத்தைப் படம் பிடித்து, அதன் உடம்பில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் படித்து, நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இதில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிப் பயனில்லை. பேருந்து ஓட்டும் அவருடைய மைத்துனனும் இதே பைத்தியம்தான். அக்காவைக் கட்டிக் கொடுத்ததில் தனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்பான்.

அந்த வயலுக்குச் சொந்தக்கார அம்மாள் பதினோரு வருடமாகக் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காசு வாங்கியதில்லை. உழும்போது யாராவது குறுக்கே நின்றால் டிராக்டரைச் சுற்றிக்கொண்டு போவாரே தவிர, ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு திங்கட்கிழமை கயிறு விழுந்தது. கேட்டிலிருந்து வேலிவரை கயிறு கட்டி, ஓர் அறிவிப்புப் பலகையும் நட்டிருந்தார்கள். உள்ளே ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறதாம். பாதுகாக்கப்பட்ட பறவையாம். குஞ்சு பொரித்து நடக்கிறவரை ஒருவரும் உள்ளே போகக் கூடாதாம்.

கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. காரணம் இருந்தது. நான்கு இன்ஜின் வைத்த பழைய சரக்கு விமானங்களில் ஒரு வகை உண்டு. மொத்தம் செய்ததே பத்தொன்பது. அதில் பதினெட்டின் எண்ணை அவர் தன் கண்ணால் பார்த்து எழுதிவிட்டார். மிச்சமிருந்த அந்த ஒன்று, வரும் சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு இங்கே இறங்குகிறது. அதோடு அதன் ஓட்டம் முடிந்தது, பிறகு பிரித்து இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். வயலை விட்டால் வேறு இடமில்லை. ஒரு பக்கம் விமான நிலையத்தின் மதில், மறுபக்கம் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அங்கேயிருந்து எண்ணைப் படிக்க முடியாது. இருபத்திரண்டு வருடக் காத்திருப்பை ஒரு குருவி வந்து கெடுப்பதா என்று குமுறினார்.

பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். வனத்துறையில் ஒரு பெண் பேசினாள். கூடு எந்த இடத்தில் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றாள். சொன்னால் பார்க்க ஆள் வரும் என்றாள். முட்டை பொரிக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கெட்டுப்போனது உறுதியானால் மறுநாளே கயிற்றை எடுத்துவிடுவோம், அதுதான் விதி என்றாள். இதையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

இடத்தைச் சொல்ல மறுக்கிறாள் என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இப்படித்தான் ஓடியது அவர் கணக்கு. வயல்கார அம்மாளுக்கு இவர்களை விரட்ட ஆசை வந்துவிட்டது, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம், அதனால் குருவியைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டார். மைத்துனனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். ஆறு வாரம்தானே மாமா, அந்த விமானம் போனால் போகிறது என்றான். விமானப் பைத்தியம் பேசுகிற பேச்சா இது? கண்ணாடிக்காரருக்கு மைத்துனன் மேலும் ஒரு சந்தேகம் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கடையைச் சாத்தினார். மனைவியிடம் வங்கிக்குப் போவதாகச் சொன்னார். வேலியின் பின்பக்கத்தில் கம்பி தளர்ந்த இடம் அவருக்குத் தெரியும். குனிந்து உள்ளே போனார்.

வயல் அறுவடை முடிந்து, மண்கட்டியும் அறுத்த பயிரின் அடிக்கட்டையுமாகக் கிடந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நேராக நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று தரையைப் படம் பிடித்தார். ஆதாரம் வேண்டுமே. கூடு என்றால் குச்சியும் புல்லுமாகக் கிண்ணம் போல ஒன்று இருக்கும் என்று தேடினார். அப்படி எதுவும் இல்லை. இரண்டு குருவிகள் என்னவோ தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருந்தன. ஒன்று தரையில் இறங்கி, இறக்கை ஒடிந்ததைப் போல இழுத்து இழுத்து ஓடியது. பக்கத்தில் போனதும் ஜம்மென்று பறந்தது. இங்கே குருவிக்குக்கூட நடிப்புத்தான் என்று அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஐம்பத்துமூன்று படங்கள். வந்த வழியே திரும்பினார்.

சாயங்காலம் மைத்துனனைக் கடைக்கு வரச் சொன்னார். வனத்துறையின் மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதித் தயாராக வைத்திருந்தார். படங்களை இணைத்து அனுப்புவதுதான் பாக்கி. அதற்குமுன் அவன் வாயால் “நீங்க சொன்னதுதான் சரி மாமா” என்று கேட்டுவிட ஆசை. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்காட்டினார். மண், மண், கட்டை, மண்.

மைத்துனன் பதிவு எண் படிக்கிற பழக்கத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“இருபத்தேழாவது படத்தத் திரும்பப் போடுங்க மாமா. பெருசாக்குங்க. இன்னும்.”

மண்ணில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். அதில் நான்கு கூழாங்கற்கள், கூர்முனைகள் உள்பக்கம் பார்த்தபடி, மண்ணின் நிறத்திலேயே கறுப்புப் புள்ளிகளோடு இருந்தன. கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அவை கற்கள் இல்லை, முட்டைகள்.

முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டை இரண்டாக மடங்கிச் சாய்ந்திருந்தது. திரும்பி வரும்போது எடுத்த படங்களில் மைத்துனன் அந்தக் கட்டையைத் தேடினான். நாற்பத்தொன்றாவது படத்தில் கிடைத்தது. கட்டை இருந்தது. பள்ளம் இருந்த இடத்தில் ஒரு ஷூத் தடம், அதன் நடுவில் மஞ்சளாக ஒரு கசிவு. கண்ணாடிக்காரர் மெதுவாகக் காலைத் தூக்கித் தன் ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்தார்.

“அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க மாமா,” என்றான் மைத்துனன்.

“சொல்றேன். சனிக்கிழமை போகட்டும்.”

மைத்துனன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். பிறகு எழுந்து போய்விட்டான். புகாரை அவர் அழித்தார். படங்களை அழிக்கக் கை வரவில்லை, எடுத்த படத்தை அழித்துப் பழக்கமில்லாதவர்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போனது. இவ்வளவு நாளும் மற்றவர்கள் எதை மறைக்கிறார்கள் என்று தேடியவர், இப்போது தன்னிடம் இருப்பதை யார் மோப்பம் பிடிக்கிறார்கள் என்று தேடினார். மைத்துனன் அக்காவோடு போனில் பேசினால் கதவோரம் நின்று கேட்டார். வெள்ளிக்கிழமை வயல்கார அம்மாளிடமிருந்து செய்தி வந்தது. கயிற்றை எடுத்துவிட்டார்கள், நாளைக்கு எல்லாரும் வரலாம் என்று இரண்டே வரி. அதையும் மூன்று முறை படித்தார். பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்களோ என்று தோன்றியது. ஆனாலும் அந்தப் பத்தொன்பதாவது எண் இழுத்தது. சனிக்கிழமை வேறு ஷூ போட்டுக்கொண்டு போனார்.

எல்லாரும் வந்திருந்தார்கள். மைத்துனனும் வந்து ஓரமாக நின்றான், முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தரைக்கு வயல்கார அம்மாள் வரப்பில் நடந்து வந்தார். நாலு முட்டையும் போய்விட்டது என்றார். உழும்போது கூட்டைத் தான்தான் முதலில் பார்த்ததாகவும், டிராக்டரை நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தானே போன் செய்ததாகவும் சொன்னார். நரியோ நாயோ இல்லை, மனுஷக் கால், வனத்துறைப் பெண் தடத்தை அளந்துகொண்டு போயிருக்கிறாள் என்றார். சொல்லிவிட்டு மைத்துனன் முன்னால் போய் நின்றார்.

“தம்பி, தினம் மதியம் உன் பஸ்ஸுதான் இந்தத் திருப்பத்துல நிக்குது. நீயா?”

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே யார் என்று அடுத்த கேள்வி வரும். வேலியைப் பார்த்தபடி நின்றான். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அவனைவிட்டு ஓரடி விலகினார்கள்.

தொலைவில், வானத்தின் அடியில், நான்கு விளக்குகள் தெரிந்தன. யாரோ மெல்லிய குரலில் வருது என்றார்கள். எல்லாக் கேமராக்களும் மேலே போயின. கண்ணாடிக்காரரும் தூக்கினார். மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலும் இருக்கலாம். லென்ஸுக்குள் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அதே சமயம் பக்கத்தில் மைத்துனன் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவனுக்கு அக்கா புருஷனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. தனக்கு அவனைக் காப்பாற்றக்கூட வாய் வரவில்லையே என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

கேமராவை இறக்கினார். விமானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

“அவன் இல்லம்மா. நான்தான். செவ்வாய்க்கிழமை வந்தேன்.”

அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. “நீங்களா? நீங்க எதுக்குண்ணே இங்க வந்தீங்க?”

“முட்டை இருக்கான்னு பாக்க. இருக்காதுன்னு நெனச்சேன். எங்கள வரவிடாம பண்றதுக்கு நீங்க சொல்ற பொய்யின்னு நெனச்சேன்.”

விமானம் தலைக்கு மேலே வந்தது. சத்தத்தில் ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. அதன் நிழல் வயலின் மேலும் அவர்கள் மேலும் ஓடிக் கடந்தது. கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை, அந்த அம்மாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் கோபம் வருமென்று எதிர்பார்த்தார், கோபமாக இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

சத்தம் அடங்கியதும் அந்த அம்மாள் பேசினார்.

“பதினோரு வருஷமா உள்ள விட்டேன். ஒரு நாள் உங்க பையில என்ன இருக்குன்னு நான் கேட்டதில்ல. நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, உங்க கேமராவுலயே தூரத்துலேர்ந்து காட்டியிருப்பேனே.”

கண்ணாடிக்காரர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அந்த அம்மாள் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“மத்தவங்க எப்பவும் போல வாங்க. தம்பி, நீயும் இரு. நான் கேட்டதுக்கு மனசுல வச்சுக்காத.” பிறகு இவர் பக்கம் திரும்பினார். “நீங்க கிளம்புங்க சார்.”

பையை மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். அந்த அம்மாள் பின்னாலேயே வந்தார். வழியனுப்ப வரவில்லை, நடுவில் எங்காவது வயலுக்குள் இறங்கிவிடுகிறாரா என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வெளியே போனதும் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அது சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே திரும்பினார்.